முப்பத்தெட்டு மார்க்

"வேணாம் சாந்தினி, மேடையில போய் அத உளறி வைக்காதே!" என்று அதிரா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "இருபத்தெட்டு வருசமா வாயத் தொறக்கல. இன்னிக்குத்தான் நல்ல நாளா?"

"இன்னிக்கு விட்டா எப்பச் சொல்றது? உன் பேரு வராதுலா, பயப்படாதே."

டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த அந்தக் கூட்ட மண்டபம் நிரம்பியிருந்தது. மேடையில் பேராசிரியர் ஜெயராஜின் பெரிய படம். கீழே 'நினைவஞ்சலி' என்று கொட்டை எழுத்து. பழைய மாணவர்கள் ஆளுக்கு ஐந்து நிமிடம், இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று ஏற்பாடு. ஐம்பதைத் தொட்டவர்கள் எல்லாம் துண்டுச்சீட்டும் கையுமாக, பரீட்சைக்கு வந்த பிள்ளைகள்போல முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

சாந்தினி பயந்தது இங்கிலீஷுக்கு அல்ல. புக்கிட் மெர்தாஜாம் பள்ளியில் அவளே இங்கிலீஷ் டீச்சர்தான். கல்லூரியில் கடைசி வருடம் அவள் கொடுத்த கட்டுரைக்கு ஜெயராஜ் சார் நாற்பதுக்கு முப்பத்தெட்டு போட்டார். வகுப்பில் வாசித்துக்காட்டி மெச்சினார். பிறகு வேலைக்குச் சிபாரிசுக் கடிதமும் கொடுத்தார். அந்தக் கட்டுரையில் அவள் எழுதியது பெயரும் தேதியும் மட்டுமே. மிச்சமெல்லாம் அறைத்தோழி அதிராவின் கைவரிசை. காப்பி அடித்த மாணவர்களைத் திட்டும்போதெல்லாம் அவளுக்கு நாக்கு கூசும்.

மேடையில் லாயர் மோகனராஜ் பேசிக்கொண்டிருந்தான். சார் தன்னை மூன்று தடவை ஃபெயிலாக்கியதையும், பிறகு வீட்டுக்கே வரச்சொல்லித் தோசை போட்டுப் பாடம் நடத்தியதையும், அந்தத் தோசைக்காக நான்காவது தடவையும் ஃபெயிலாகலாமா என்று யோசித்ததையும் சொன்னான். மண்டபமே சிரித்தது. சாரின் மனைவி ஜெயலெட்சுமியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அடுத்து, சாந்தினி!"

அதிரா கையை விட்டாள். "போ, என்னமோ பண்ணு."

மேடையேறிய சாந்தினி முன்வரிசைப் பக்கம் பார்வையைத் திருப்பவே இல்லை. தூரத்தில் சுழன்ற மின்விசிறியைப் பார்த்தபடி, மனப்பாடம் செய்த நாலு வரியை ஒப்பித்தாள். ஐந்தாவது வரியில் இங்கிலீஷ் கைவிட்டுவிட்டது.

"மன்னிச்சிருங்க, இத எனக்குத் தமிழ்லதான் சொல்ல வரும்," என்றாள். "சார் முப்பத்தெட்டு மார்க் போட்டாரே, அந்தக் கட்டுரை என்னோடது இல்ல. வேற ஒருத்தர எழுத வச்சு, என் பேரப் போட்டுக் குடுத்தேன். அத வச்சுக் கெடச்ச வேலையிலதான் இன்னிக்கும் சோறு சாப்பிடறேன். சார் என்னை நம்பினாரு. நான் ஏமாத்திட்டேன்."

மைக்கை வைத்தாள். அவமானமாக இருந்தது, ஆனால் இத்தனை வருடப் பாரம் இறங்கியதில் நிம்மதியாகவும் இருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கப் போனாள்.

"நில்லும்மா" என்றது ஒரு குரல்.

'நான் போன பிறகு பேசி என்ன பிரயோசனம், என் காதுபடப் பேசுங்கள்' என்று அடம்பிடித்து, தன் எண்பதாவது பிறந்தநாளில் தனக்கே நினைவஞ்சலி வைத்துக்கொண்ட பேராசிரியர் ஜெயராஜ், மனைவியின் தோளைப் பிடித்தபடி முன்வரிசையிலிருந்து எழுந்து நின்றார்.

"அது உன் எழுத்து இல்லைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். மார்க் அந்த எழுத்துக்குப் போட்டது, கடிதம் உனக்குக் குடுத்தது. நான் போனப்புறம் வந்து நீ இதச் சொல்லியிருந்தா, 'பரவாயில்லம்மா'ன்னு உனக்கு யாரு சொல்லியிருப்பா?"