முப்பத்தோராவது பட்டியல்

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் நான்கு வயதுப் பிள்ளை ஒன்றைக் காணவில்லை. தேட வேண்டிய இடங்களை லேப்டாப்பில் ஒரே ஃபைலில் தட்டி, ஒவ்வொரு வரியிலும் ஒரு பேரைப் போட்டாள் பொன்செல்வி. பட்டனை அழுத்தியதும், தேட வந்த முப்பது பேரின் போனுக்கும் அவரவர் பட்டியல் போய்ச் சேர்ந்தது.

"உங்களுக்குத் தேரடியும் பஸ் ஸ்டாண்டும், அண்ணாச்சி. ஓடுங்க!"

வளையல் கடை மகாராஜன் அசந்துபோனார். "பெத்தவ எங்கன கிடந்து அழுதுக்கிட்டு இருக்காளோ! நீ எம்புட்டு நிதானமா வேலை பாக்கே, தாயி!"

அவள் நிமிரவில்லை.

அரை மணி நேரத்தில், தேரடியில் தூங்கிக் கிடந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே திரும்பி வந்தார். பொன்செல்வி எழுந்து வாங்கிக்கொண்டாள்.

மகாராஜன் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். முப்பது பட்டியலுக்கும் கீழே இன்னொன்று இருந்தது. அதில் ஒரே ஒரு வேலை.

"பொன்செல்வி: மகள் கிடைத்த பிறகு அழ வேண்டும்."