அடுப்பில்லாத பக்கம்

"இந்த ஓட்டையை இண்டைக்கே அடைக்க வேணும்."

ஓவர்சியர் பேரின்பநாயகம் குடையை உயர்த்தி, மங்களத்தின் புது வீட்டுச் சுவரைக் குத்திக் காட்டினார். வாசலுக்கு இடப்பக்கம், கூரைக்குச் சற்றுக் கீழே, ஒரு தேங்காய் நுழையும் அளவுக்குத் துளை. உதிர்ந்த காரைத் தூள் அவருடைய வெள்ளைக் கால்சட்டையில் விழுந்தது. அதைக் கைக்குட்டையால் அவர் தட்டிவிட்ட விதத்திலேயே மங்களத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"காத்துக்கு வச்சதுங்க. இதுல முனிசிபாலிட்டிக்கு என்ன நஷ்டம்?"

"புதுசாக் கட்டுற வீட்டுக்கு முகப்பு ஒரே மாதிரி இருக்க வேணும், தங்கச்சி. ஒரு கதவு, ரெண்டு ஜன்னல். வேறை ஒண்டும் தெருவுக்குத் தெரியப்படாது. சட்டம்."

குண்டு விழுந்து தரைமட்டமான வீட்டின் செங்கல்லைப் பொறுக்கிக் கட்டிய வீடு இது. மரவள்ளிக்கிழங்குக்கே அடித்துக்கொள்ளும் சியோனானில், ஜப்பான்காரன் பேர் மாற்றிய இந்தச் சிங்கப்பூரில், வீட்டின் முகத்துக்கு ஒரு சட்டம்!

ஜப்பான்காரனைக் கண்டால் இடுப்பு ஒடியக் குனிய வேண்டியிருந்தது. அரிசிக்கு நின்ற இடத்தில் கன்னத்தில் அறை வாங்கியும் வாய் திறக்காமல் வந்திருந்தாள். உள்ளே குமுறியதையெல்லாம் கொட்டுவதற்கு இந்த ஒரு மனிதர்தான் அகப்பட்டிருந்தார். அவர்மேலும் முழுதாகக் கொட்ட முடியவில்லை.

அந்தத் துளைக்குப் பின்னால் அவள் புருஷன் சேதுபதி இருந்தான். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துப் போன லாரியிலிருந்து குதித்து ஓடி வந்தவன். முன்னறைச் சுவரை ஒட்டி இன்னொரு சுவர் எழுப்பி, நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடைவெளியில் ஒளிந்திருந்தான். துளை அடைபட்டால் அவனுக்குக் காற்றில்லை.

போன வாரமும் இதே ஆள்தான் வந்தார். வீட்டை வெளியே அளந்தார், உள்ளே அளந்தார், மறுபடி வெளியே போய் அளந்தார். ஒன்றும் சொல்லாமல் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார். ஏதோ குடைச்சலோடு திரும்பி வருவார் என்று அன்றைக்கே அவளுக்குத் தோன்றியது.

"இன்னொண்டும் இருக்கு" என்றார் அவர். "இந்த இடப்பக்கம் கூரையிலை ஒரு புகைக்குழாய் வைக்க வேணும். குழாய் கொண்டு வந்திருக்கிறன்."

தள்ளுவண்டியில் தகரக்குழாயும் சுண்ணாம்பும் இருந்தன. கூட இரண்டு கூலியாட்கள்.

"அடுப்பு பின்கட்டுல இருக்குங்க! இங்க எதுக்குப் புகைக்குழாய்?"

"எங்கடை ஆக்கள் படிச்சுப் போட்டுத்தான் சட்டம் எழுதுறவை."

பக்கத்துக் கடை வடிவேலு வாசலில் நின்று பல்லிளித்தான். யார் வீட்டில் என்ன நடந்தாலும் ஜப்பான் ராணுவப் போலீசுக்குச் சேதி சொல்பவன் என்று தெருவுக்கே தெரியும். "என்னக்கா, உங்க வீட்டு அடுப்புக்குக் கால் முளைச்சிருச்சா? துரை சொன்னா வச்சிர வேண்டியதுதான் லா!"

"முதல்லை குழாய். பிறகுதான் ஓட்டை" என்றார் பேரின்பநாயகம். கூலியாள் ஒருவன் ஏணியில் கால் வைத்ததும் அவனை அதட்டி இறக்கினார். "நீ போய்ச் சுண்ணாம்பைக் குழை. கூரையிலை நான்தான் ஏற வேணும்."

வெள்ளைக் கால்சட்டையோடு அவரே ஏறினார். வடிவேலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மங்களத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கூரை ஓடுகளைப் பிரித்தார். உள்ளே குனிந்து பார்த்தார். பிறகு குழாயைச் செருகி, சுற்றிலும் ஓடுகளை அடுக்கிவிட்டு, முகத்தில் ஒன்றையும் காட்டாமல் இறங்கினார்.

பார்த்துவிட்டார். நிச்சயம் பார்த்துவிட்டார்.

கூலியாட்கள் துளையில் செங்கல்லை வைத்துப் பூசினார்கள். கரண்டி உரசிய ஒவ்வொரு முறையும் தன் வாயையே யாரோ அடைப்பதுபோல் இருந்தது அவளுக்கு. கத்தினால் வடிவேலு கேட்பான். கத்தாவிட்டால் சேதுபதி சாவான். இந்த மனிதரும் தமிழ்தானே பேசுகிறார், இவருக்கும் வீட்டில் ஒருத்தி காத்திருப்பாள்தானே என்று நினைக்க நினைக்கக் கோபம்தான் ஏறியது.

முகப்பு மொழுக்கென்று ஆனது. ஒரு கதவு, இரண்டு ஜன்னல். வேடிக்கை முடிந்ததென்று வடிவேலு கடைக்குள் போனான். கூலியாட்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பேரின்பநாயகம் மட்டும் போகவில்லை. "கை கழுவத் தண்ணி தாங்கோ" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, கதவைச் சாத்தினார்.

கிழங்கு வெட்டும் கத்தி மங்களத்தின் கைக்கு எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "இப்பப் போய்ச் சொல்லப் போறீங்களா? சொல்லுங்க பாக்கலாம்! உங்க சட்டத்துக்கு இன்னும் யாரைக் கொல்லணும்?"

அவர் கத்தியைப் பார்த்தார். பிறகு இடப்பக்கச் சுவரைப் பார்த்தார். குரல் பாதியாக இறங்கியது.

"நாளைக்கு ராணுவப் போலீஸ் இந்தத் தெருவிலை வீடு வீடா வாறாங்கள். வெளியிலை ஓட்டை, உள்ளுக்கு அது இல்லை எண்டால் சுவரைத்தான் இடிப்பாங்கள்."

அவள் கத்தியைத் தாழ்த்தினாள். "அப்போ... அந்தப் புகைக்குழாய்? அதுவும் சட்டம்னீங்களே?"

"அப்பிடி ஒரு சட்டமே இல்லை" என்றார் அவர். "ஆரும் கேட்டால் முனிசிபாலிட்டி வச்சது எண்டு சொல்லுங்கோ. அது புகைக்கில்லை, தங்கச்சி. மூச்சுக்கு."