திரும்பச் சொல்லும் கொம்பு

"ஊதுய்யா! கொம்பை வெச்சுக்கிட்டு என்ன வேடிக்கை பாக்குற?"

"ஊதலாம் ராசா. கேக்குறவனுக்குப் புரியணுமே! 'திரும்பு'ங்கிற ஊதலை எவனுக்கும் சொல்லித்தரக் கூடாதுன்னு நீங்கதான சட்டம் போட்டீங்க? பெத்த மகனுக்குக்கூட நான் ஊதிக் காட்டுனதில்ல."

குன்றின் மேல் பேரரசரோடு மல்லுக்கு நின்றவர் கிழட்டுக் கொம்பூதி மாசிலான். கீழே அவருடைய படை மூன்று பக்கமும் எதிரிகளிடம் சிக்கிச் செத்துக்கொண்டிருந்தது. பின்பக்கம் மட்டும்தான் வழி இருந்தது. முன்வரிசையில் மாசிலானின் ஒரே மகன் பொன்னன் நின்றான்.

இருபது வருஷத்துக்கு முன்னால் பேரரசர் வெறும் படைத்தலைவர். ஓர் ஆற்றங்கரையில் தோற்கப் போன நேரத்தில், 'திரும்பு' என்று மாசிலான் ஊதியதால்தான் எல்லோரும் பிழைத்தார்கள். அப்படிப் பிழைத்தவர் ஏழு நாடுகளைப் பிடித்து முடிசூடினார். சூடிய அன்றே, "என் படை இனிமே திரும்பாது" என்று அந்த ஊதலைத் தடைசெய்தார்.

"மாசிலா, உன் கால்ல விழட்டுமா? எல்லாம் என் புள்ளைங்கடா."

"என் புள்ளையும் அங்கதான் நிக்கிறான்" என்று சொல்லிவிட்டு மாசிலான் முழு மூச்சோடு ஊதினார்.

கீழே எல்லாத் தலைகளும் குன்றைப் பார்த்தன. அவர்கள் கேட்டே இராத ஊதல் அது. பாயச் சொல்லும் பேரரசரின் புதுக் கட்டளை என்று நினைத்து, பொன்னன்தான் முதலில் வாளைத் தூக்கினான். மொத்தப் படையும் ஆரவாரத்தோடு முன்னால் பாய்ந்தது. எப்படியாவது புரிந்துவிடாதா என்று மாசிலான் ஊத ஊத, அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் கொம்பை எப்போது இறக்கியிருப்பீர்கள்? எனக்குத் தெரியவில்லை. தயவுசெய்து பதில் எழுதுங்கள்.