ஏழு டப்பா

"சாக்கடையில ஊத்தினா அது ஆத்துல போய்ச் சேரும். வண்டியில ஏத்துங்க!" என்று மனைவி அதட்டியதால்தான், சாக்கடையில் கவிழ்க்கப் போன கருநீலம் உட்பட ஏழு டப்பாக்களும் மிச்சப் பெயிண்ட் வாங்கும் கிடங்குக்கு வந்து சேர்ந்தன.

ஏழும் அவள் பிடிக்கவில்லை என்று ஒதுக்கியவை. ஊருக்கே நிறம் காட்டித் துணி விற்கும் ஜவுளிக்காரரால், கூடத்துச் சுவருக்கு மனைவி தலையில் ஒரு நிறத்தைக் கட்ட முடியவில்லை. "மழைக்கு முன்னாடி வானம் இருட்டுமே, அந்த நிறங்க" என்பாள். பெயிண்டரும் கையை விரித்துவிட்டார்.

"ஆயில் பெயிண்ட் இருந்தா தனியா வைங்க சார்," என்றார் கிடங்குக்காரர்.

"எல்லாம் தண்ணியில கலக்குறதுதான். என்ன விலைக்கு எடுப்பீங்க?"

"விலையா? சும்மா வாங்குறதே பெரிசு. இந்த ஃபாரத்தை நிரப்பிக் கையெழுத்துப் போடுங்க." டப்பாக்களைக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போனார். மனைவியும் வேடிக்கை பார்க்கப் போனாள்.

ஃபாரத்தோடு ஜவுளிக்காரர் மல்லுக்கட்டி முடிக்கையில் உள்ளேயிருந்து சத்தம்: "என்னங்க! ஓடி வாங்க!"

சுவரில் முழ நீளத்துக்கு ஓர் ஈரப் பூச்சு. மழைக்கு முந்தைய வானமேதான்.

"இதைத்தாங்க ஏழு மாசமா கேக்குறேன்!" என்றாள் அவள்.

"எந்தக் கம்பெனிண்ணே? விலையைச் சொல்லுங்க, முடிச்சுக்கலாம்," என்றார் ஜவுளிக்காரர்.

"கடையில கிடைக்காது சார். வர்றதையெல்லாம் ஒரே டிரம்மில கலந்து, சுவத்துல இழுத்துப் பாப்போம். இன்னிக்கு வந்தது உங்க ஏழு டப்பாதான். ஒண்ணு குறைஞ்சிருந்தாலும் இந்த நிறம் வந்திருக்காது. வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

சாக்கடை விளிம்பு வரை போய் வந்த கருநீல டப்பாவை, காலியென்று தெரிந்தும், இரண்டு கைகளாலும் மெல்லத் தூக்கிக்கொண்டார் ஜவுளிக்காரர்.