கடைசி மூலைக்குப் பசை

விரலைப் பாதியில் எடுக்கக் கூடாது.

மாதிரி ராக்கெட்டின் அட்டைக் குழாயும் சிறகும் சேரும் மூலை. அதில் மெல்லிய கோடாக விட்ட மரப்பசை. ஈர விரலால் மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பு. நடுவில் நின்றால் பசை திட்டுத் திட்டாகிவிடும்.

பாதி இழுப்பில் இருந்தபோது ஹாலிலிருந்து அவள் கணவனின் குரல் வந்தது.

"எல்லாம் நானே பண்றதுதானுங்க. அவ டேபிள் தொடச்சுக் குடுப்பா."

சிரித்தார்கள். ராக்கெட் கிளப்காரர்கள்.

அவள் விரல் நிற்கவில்லை. கடைசிவரை இழுத்து, ஒட்டிக்கொண்டு வந்த பசையைத் துணியில் துடைத்தாள். கரண்டியின் உட்குழிபோல் மூலை வழுவழுவென்று வளைந்திருந்தது.

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

தொடச்சுக் குடுக்கிறாளாம்!

இந்தக் குழாயை அறுத்தது யார்? பால்சா மரச் சிறகுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது? பசையைக் கனமாக அப்பினால் உள்ளே குமிழ் தங்கிவிடும் என்று எத்தனை ராக்கெட்டைப் பாழாக்கித் தெரிந்துகொண்டாள். மைதானத்தில் அவன் பட்டனை அமுக்குவான். மேலே போனதும் கைதட்டு அவனுக்கு.

நாளை போட்டி. பறப்பதற்குப் பாதி மதிப்பெண், செய்நேர்த்திக்குப் பாதி. இந்தத் தடவையாவது தன் பெயரையும் சேர்க்கச் சொல்லியிருந்தாள். பார்க்கலாம் என்றிருந்தான்.

நன்றாகத்தான் பார்த்திருக்கிறான்.

காப்பி டம்ளர்களோடு எல்லோரும் அவள் வேலை செய்துகொண்டிருந்த சாப்பாட்டு மேஜைக்கே வந்துவிட்டார்கள். கிளப் செயலாளர் மருதாசலம் குனிந்து, மூக்கு உரசாத குறையாகச் சிறகுகளைப் பார்த்தார். பிறகு அவனிடம் திரும்பினார்.

"எப்படிங்ணா இவ்வளவு வழுவழுன்னு வருது? இன்னும் ஒரு மூலை பாக்கி இருக்குதுங்களே. போட்டுக் காட்டுங்க."

அவன் அவளைப் பார்த்தான். ஏதாவது சொல்லிச் சமாளியேன் என்கிற பார்வை.

அவள் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள்.

"காட்டுங்க."

அவன் பாட்டிலை அமுக்கினான். தாராளமாக விட்டான். விரலை நனைக்கவில்லை. காய்ந்த விரலை வைத்து இழுத்தான். பசை விரலோடு வந்தது. திரும்ப இழுத்தான். மறுபடியும். அதற்குள் பசையில் பாலாடைபோல் ஏடு படியத் தொடங்கியிருந்தது. தேய்க்கத் தேய்க்க அது திரிதிரியாகக் கிழிந்தது. மிச்சம் குழாயில் வழிந்து, அவள் முடித்து வைத்திருந்த பக்கத்து மூலையை நோக்கி இறங்கியது.

அவள் கை தானாக முன்னே போனது. இழுத்துக்கொண்டாள்.

இப்போதாவது சொல்வான். இது என் கை வேலை இல்லை, அவளுடையது என்று ஒரு வார்த்தை. சொன்னால் போதும், இந்த நிமிடமே சரிசெய்துவிடுவாள்.

அவன் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"பசை பழசாயிடுச்சுங்க. கட்டி கட்டியா வருது பாருங்க."

"ஆமாமுங்க. அடிக்கிற வெயில்ல பசை எங்க தாங்குது!" என்றார் மருதாசலம்.

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருவர் பாக்கியில்லாமல்.

அவளுக்குக் காது மடல் சுட்டது.

"எந்திரிங்க," என்றாள்.

அந்தக் குரலை அவன் கேட்டதில்லை. எழுந்துவிட்டான்.

அவள் உட்கார்ந்தாள். அவன் அப்பியிருந்ததை ஈரத் துணியால் அடியோடு வழித்தெடுத்தாள். ராக்கெட்டை மடியில் படுக்கவைத்து, பாக்கி மூலை மேலே பார்க்கும்படி திருப்பினாள். கிண்ணத்துத் தண்ணீரில் விரலை நனைத்தாள்.

காப்பி உறிஞ்சும் சத்தம் நின்றது. மருதாசலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இரு, இரு, புது பாட்டில் எடுத்தாறேன்," என்று அவன் அவசரமாக அலமாரிப் பக்கம் நகர்ந்தான்.

அவள் அந்தப் பழைய பாட்டிலையே எடுத்துக் கவிழ்த்துப் பிடித்தாள்.