ஈர ஒட்டு

1991 கோடை. வடக்குப்பட்டு மாதாகோயில் கூடத்தில், குளிர்நாட்டுக்காரர்கள் கழுத்தில் மாட்டும் உல்லன் பட்டைகளைப் பல நிறத்தில் பூப்போட்டுப் பின்னினோம். நூல் தீர்ந்தால் ஜாஸ்மின் பழைய முனையையும் புது முனையையும் வாயில் ஊறவைத்து, உள்ளங்கையில் தேய்த்து ஒட்டுவாள்.

“ஐய, கருமம்! தண்ணில நனைச்சா இன்னாடி?”

“எச்சில்லதான் ஒட்டும்க்கா. முடிச்சு தெரிஞ்சா சூப்பர்வைசர் கடாசிடுவாரு.”

ஜூனில் அவள் காமாலையில் செத்தாள். அடக்கத்துக்கு மறுவாரம், அவள் பாதியில் விட்ட பட்டை எனக்கு வந்தது. பச்சை நூல் தீர்ந்ததும் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது பழைய முனையோடு புது நூல் ஒட்டியிருந்தது. தொட்டேன். வெதுவெதுப்பாகக் கொழகொழத்தது. பிய்த்துப் போட்டுவிட்டுக் கை கழுவி வந்தேன். மறுபடியும் ஒட்டியிருந்தது.

மாலையில் சூப்பர்வைசர் பட்டையைத் தடவினார்.

“ஒரு முடிச்சு இல்ல. ஜாஸ்மின் போட்ட மாதிரியே இருக்கு.”

பிறகு விரல்களை முகர்ந்து, முகத்தைச் சுளித்து, பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.