முகமூடிக்காரர்

வராந்தாவே அதிரும்படி இருமினார் முகமூடி.

"மெதுவா இருமுங்க, ஆஸ்பத்திரி இடிஞ்சு விழுந்துடப் போகுது" என்று, படியேறி வந்த மூச்சிரைப்போடு சிரித்தாள் மனைவி. அவர் பயப்படக் கூடாதே என்று துணைக்குத் தானும் ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவள்.

ஆயுசில் பாதியை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கம்பெனியில் கழித்தவர் அவர். தூசிக்குப் பயந்து முகமூடியைக் கழற்றவே மாட்டார். அதனால் கம்பெனியில் அந்தப் பட்டப்பெயர்.

டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். விளக்கு வெளிச்சத்தில் ஒரு எக்ஸ்ரே படம் மாட்டியிருந்தது.

"நுரையீரல்ல ஆஸ்பெஸ்டாஸ் தூசி படிஞ்சிருக்கு. ரொம்ப முத்திப் போச்சு."

"முகமூடி இல்லாம நான் மெஷின் பக்கமே போனதில்லையே சார்!"

"வேலை முடிஞ்சதும் குளிச்சிட்டு, யூனிஃபார்மை அங்கேயே துவைக்கப் போடணும்னு சட்டம் இருக்கே?"

"குளிச்சிடுவேன் சார். யூனிஃபார்மை மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவேன். கம்பெனியில துவைச்சா அழுக்கே போகலைன்னு வீட்டுக்காரி சண்டைக்கு வருவா. தினமும் அவதான் உதறி உதறித் துவைச்சுப் போடுவா."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். முகமூடி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"நான் போயிட்டா அவ தனியா என்ன சார் பண்ணுவா? விஷயத்தை நீங்களே அவகிட்ட பக்குவமா சொல்லிடுங்க."

"உங்களுக்கு வெறும் சளிதாங்க. இது உங்க மனைவியோட படம்."